மீட்டர்காரர் எழுதிய பதினொரு வரிகள்

மனைவி இறந்த பதினேழாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு, யாரோ கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்ததால் மீட்டர்காரர் கண் விழித்தார். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பாத்திரத்தில் ஒன்றேகால் டம்ளர் தண்ணீர்; ஒருவர் தேநீருக்குக் கொஞ்சம் கூடுதல், இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு, முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் வைத்து வந்த அதே அளவு. மகள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், உள்ளே தாழிட்டிருந்த வாசற்கதவைப் பார்த்தார், தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியதால் தேயிலையைப் போட்டார். அன்று முதல் அந்த வீட்டில் தேயிலை போடுவது அவர் வேலையாயிற்று. தண்ணீர் வைப்பது அவர் வேலையாக இல்லை.

குளித்துவிட்டு வந்தபோது மேசைமேல் அவருடைய கண்ணாடி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. வாசற்கதவின் கைப்பிடியில் குடை தொங்கியது. வெளியே வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கியவருக்குப் பின்னால், "சாவி எடுத்தீர்களா?" என்று ஒரு குரல் கேட்டது. "எடுத்தேன்" என்றார், பழக்கதோஷத்தில். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. நாலு வீடு தாண்டிய பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இல்லை. அந்தக் குரல் அவர் மனைவியின் குரல்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் தெருவிலேயே நின்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதால் போனார்.

அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். எட்டுத் தெருக்கள் அவர் பொறுப்பு, அவருடைய தெருவும் அதில் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, மாடிப்படிக்குக் கீழேயோ சந்துச் சுவரிலோ இருக்கும் மீட்டரைப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவே எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஓடாத மீட்டரில் எழுத ஒன்றுமில்லை. நல்ல மனிதர், நேர்மையானவர், தெருவில் ஒருவரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் மனிதர் தலையை நிமிர்த்திப் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

முதல் வாரம் முழுவதும் அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எரியவிட்டுப் போன விளக்குகள் தாமாக அணைந்தன, அதற்கு முன் அறை அறையாக ஒரு காலடிச் சத்தம் கேட்டது. காலையில் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழும். மாலையில் கொடியில் கிடக்கும் அதே சட்டையில் பொத்தான் தைத்திருக்கும். அவர் தெருமுனையில் திரும்பும்போது வாசல் விளக்கு எரியும். இதைத் தெருவே பார்த்தது. அலுவலகத்திலிருந்து ஒரு வயர்மேன் வந்து வீட்டு இணைப்பு முழுவதையும் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் போனார். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அவரிடமும் சாவி எடுத்தீர்களா என்று கேட்கப்பட்டதாகவும், அவரும் எடுத்தேன் என்று சொன்னதாகவும் பேச்சு உண்டு.

மீட்டர்காரருக்குத் தெரிந்த ஒரே வழி குறித்துவைத்து ஒப்பிடுவது. ஒரு தாளில் வீட்டில் நடப்பதையெல்லாம் வரிசையாக எழுதினார். ஐந்து நாளும் அதே வரிசை. ஐந்தாம் நாள் மாலை, சர்க்கரை டப்பாவை எடுக்கச் சமையலறை அலமாரியைத் திறந்தபோது, கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய அச்சுத்தாள் கண்ணில் பட்டது. தினமும் கண்ணில் பட்ட தாள்தான், அன்றைக்குத்தான் படித்தார். கையிலிருந்த தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் மனைவி திரும்பி வரவில்லை. அவர் எழுதிய கவிதை வந்திருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் ஊழியர் சங்கம் ஆண்டு மலர் போட்டபோது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு விளம்பரத்துக்குக் கீழே அரைப்பக்கம் காலியாக இருந்தது. சங்கச் செயலாளர் எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் மீட்டர்காரரிடம் வந்தார். எதையாவது எழுதிக் குடு, வீட்டைப் பத்தி எழுது, பொண்டாட்டியப் பத்தி எழுது, யாரும் அடிக்க வரமாட்டாங்க என்றார். அதற்கு முன்பும் பின்பும் ஒரு வரிகூட எழுதாத மனிதர் சாப்பாட்டு நேரத்தில் ரீடிங் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தார். தலைப்பு செயலாளர் வைத்தது.

இல்லத்து மீட்டர்

முதலில் எழுவது அவள், பிறகுதான் சூரியன்.
தண்ணீரை அடுப்பில் வைத்தபின் என் கால் கட்டைவிரலை இழுத்து எழுப்புவாள்.
என் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைப்பாள்.
வானம் வெளுத்திருந்தாலும் வாசலில் குடையை மாட்டுவாள்.
சாவி எடுத்தீர்களா என்பாள். எடுத்தேன் என்பேன். எடுத்திருக்க மாட்டேன்.
நான் அணைக்க மறந்த விளக்கையெல்லாம் நடந்து நடந்து அணைப்பாள்.
காலையில் அறுந்த பொத்தான் மாலையில் சட்டைக்கு வந்திருக்கும்.
தெருமுனையில் நான் திரும்பினால் வாசல் விளக்கு எரியும்.
எனக்குத் தட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள்.
தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு இருமுறை போய்ப் பார்ப்பாள்.
இருபத்தாறு வருடம். ஒரு நாள்கூட ஓடாமல் இருந்ததில்லை என் வீட்டு மீட்டர்.

மலர் வந்த அன்று மனைவிக்கு அதைப் படித்துக் காட்டினார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுதும் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. கேக்கறப்பவே கால் வலிக்குது" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை அளவாகக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். வெளியில் ஒட்டினால் எண்ணெய் படுமாம். அவள் சொன்னதை மீட்டர்காரர் அலுவலகத்தில் ஒரு வருடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

கவிதை என்று தெரிந்த பிறகு அவருக்குப் பயம் போயிற்று. கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தார், அதை மறைப்பானேன். ஆனால் எழுதியது மட்டும்தான் வந்தது, எழுதாதது வரவில்லை. தட்டு வரும், தட்டில் எதுவும் வராது. சமைத்துக்கொள்ள வேண்டியது அவர்தான். சாவி எடுத்தீர்களா என்று அவள் ஒருநாளும் முழு வாக்கியமாகக் கேட்டதில்லை. "சாவி?" என்பாள், அவ்வளவுதான், அதுவும் வாயில் ஊசி நூலை வைத்துக்கொண்டு. அச்சில் வருகிறதே என்று அவர்தான் அதைச் செய்தி வாசிப்பவர் பேசுகிற மாதிரி மாற்றியிருந்தார். இப்போது தினமும் காலையில் அவள் குரலில் அந்த வாசகம் வந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு எழுத்தும் பிசகாமல். மூன்று மூன்றாகப் போடும் தும்மல் இல்லை. பேப்பரை முதலில் யார் பார்ப்பது என்ற தகராறு இல்லை. சிரிப்பு இல்லவே இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துண்டைப் படுக்கைமேல் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் இருந்தபோது அந்த ஒரு காரியத்துக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், மூன்று நாள் பேச்சு நின்றுவிடும். துண்டு மாலைவரை அப்படியே கிடந்து நாற்றமெடுத்தது. அவர்தான் எடுத்துக் காயப்போட்டார். திட்டு வாங்கவும் கொடுத்து வைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு டெய்லரிடம் சொன்னார். காலையில் சாவியில்லாமல் போகும் அவருக்காக மாற்றுச் சாவியை வைத்திருந்தவர் அந்த டெய்லர்தான்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. முதல் மாதங்களில் காலடி லேசாக இருந்தது. மழைக்காலம் வந்தபோது ஒரு கால் தேய்ந்து நடக்கும் சத்தம் கேட்டது. அடுத்த கோடையில் அறைக்கும் அறைக்கும் நடுவே நடை நின்று நின்று போயிற்று. கூடத்துச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கை ஊன்றியது போல ஒரு ஈர அடையாளம் விழுந்தது. துடைத்தால் போகும், மறுநாள் அதே இடத்தில் வரும். சாப்பிடும்போது பக்கத்தில் நிற்பவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள், ஆனால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி நிற்பது தெரியும். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். பயனில்லை. அப்புறம் அவரும் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.

மகள் லீவில் வந்தது அப்போதுதான். அவள் வேறு ஊரில் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள், எதையும் லேசில் நம்பாதவள். அப்பா தொலைபேசியில் சொன்னதையெல்லாம் வயதின் கோளாறு என்று எண்ணியிருந்தாள். வந்த அன்று பகல் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் காலடி சமையலறைக்கும் வாசலுக்கும் போய்வருவதைக் கேட்டாள். மாலையில் எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அம்மா செத்தும் உங்களுக்கு வேலை செய்யறாங்களாப்பா?"

"நான் வேணும்னு செய்யலைம்மா. பாசமாத்தான் எழுதினேன்."

"பாசமாத்தான் எழுதியிருக்கீங்க. யார் இல்லேன்னா. ஆனா இதுல அம்மா ஒரு இடத்துலயாவது உக்காந்தாங்களா, பாருங்க."

அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். எழுகிறாள், வைக்கிறாள், இழுக்கிறாள், துடைக்கிறாள், மாட்டுகிறாள், நடக்கிறாள், நிற்கிறாள். பதினொரு வரியிலும் உட்காரவில்லை. ஓடியதை மட்டும் எழுதிப் பழகிய கை, ஓடியதை மட்டும் எழுதியிருந்தது. அவள் உட்கார்ந்த நேரத்துக்கு ரீடிங் இல்லை.

"உக்காற மாதிரி ஒரு வரி எழுதிடுங்கப்பா. அவங்களை விட்டுடுங்க" என்றாள் மகள்.

மகள் போன பிறகும் மூன்று வாரம் அவர் எழுதவில்லை. உட்கார்ந்துவிட்டால் அவள் மறுபடி எழாமலே போய்விடலாம். கால் கட்டைவிரலை இழுக்க ஆள் இருக்காது, தெருமுனையில் திரும்பினால் வீடு இருட்டாகக் கிடக்கும். பாதி மனைவியாவது இருக்கிறாளே என்று ஒரு மனம் சொன்னது. சுயநலம்தான். அது சுயநலம் என்று அவருக்கும் தெரியும். சுவரில் ஈரம் ஒவ்வொரு நாளும் சற்றுக் கீழே இறங்கி விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் எழுதினார். அவர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வீடு பூட்டிக் கிடந்து மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால், முந்தைய மாதங்களைப் பார்த்து ஒரு சராசரியைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் பத்தாம் வரிக்குக் கீழே, 'மதியம் சற்று ஓய்வெடுப்பாள்' என்று எழுதினார். எல்லா வீட்டிலும் பெண்கள் மதியம் சற்று ஓய்வெடுக்கத்தானே செய்வார்கள் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை மை இல்லை, பேனா அழுத்திய தடம் மட்டும் இருந்தது. மூன்று தடவை எழுதினார், மூன்று தடவையும் தாள் அதை வைத்துக்கொள்ளவில்லை. நாலாம் தடவை கொஞ்சம் விவரமாக எழுதினால் நிற்குமோ என்று, 'மதியம் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பாள்' என்று எழுதினார். அந்த வரி நின்றது. ஆனால் அந்த வீட்டில் சாய்வு நாற்காலி கிடையாது.

அன்று மதியம் ஆரம்பித்த காலடி இருட்டும்வரை ஓயவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து பின்கட்டுக்கு, பின்கட்டிலிருந்து மறுபடி கூடத்துக்கு, காலைத் தேய்த்துக்கொண்டு, இல்லாத நாற்காலியைத் தேடி அவள் நடந்தாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்த சத்தம் பக்கத்து வீட்டு டெய்லருக்கே கேட்டது. மீட்டர்காரர் வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய் எச்சிலைத் தொட்டு அந்த வரியை விரலால் தேய்த்து அழித்தார். அழிந்ததும் காலடி நின்றது. பிறகு தட்டு வைக்கும் நேரமாகிவிட்டதால் மறுபடி தொடங்கியது. அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

சராசரி போட முடியாது என்று தெரிந்தபின், அவள் உண்மையில் எங்கே எப்போது உட்கார்ந்தாள் என்று விசாரிக்கத் தொடங்கினார். முப்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் தன் மனைவி எங்கே உட்காருவாள் என்று தெருவில் கேட்டுக்கொண்டு போனது பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. டெய்லர் யோசித்துவிட்டு, கொடியில் துணி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன் என்றார். மளிகைக் கடைக்காரர், நின்றுதான் வாங்குவார் என்றார். மகளுக்குப் போன் செய்தார். "நானும் பார்த்ததில்லைப்பா" என்றாள் மகள். அந்த விஷயத்தில் அதற்குப் பிறகு அவள் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

விடை எதிர்வீட்டிலேயே இருந்தது. தெருவின் அந்தப் பக்கம், மீட்டர்காரர் வீட்டுக்கு நேர் எதிரே, பல் டாக்டரின் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, டோக்கன் கொடுக்க ஒரு மேசை. மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியை எல்லோரும் டோக்கன் அம்மா என்றே கூப்பிடுவார்கள். தூக்கமில்லாமல் பல்லைக் கடித்துக் கடித்து மீட்டர்காரருக்குக் கடைவாயில் வலி வந்தது. ஒருநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு, மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"சார், அங்க வேணாம். பக்கத்துல உக்காருங்க" என்றாள் டோக்கன் அம்மா.

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"இல்ல சார். அது உங்க வீட்டம்மா நாற்காலி. இன்னும் அதுல யாரையும் உக்கார வைக்க எனக்கு மனசு வரல."

மீட்டர்காரர் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். டோக்கன் அம்மா சொன்னது இதுதான். பத்தொன்பது வருடமாக, ஞாயிறு தவிர்த்து, மதியம் இரண்டு பத்துக்கு அவர் மனைவி தெருவைக் கடந்து வருவாள். பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிடுவாள். இரண்டு நாற்பதுக்கு எழுந்து போய்விடுவாள். டாக்டர் முதல் வருடம் ஒருதடவை என்ன தொந்தரவு என்று கேட்டார், தொந்தரவு ஒன்றுமில்லாத இடமாக இருக்கிறதே என்று வந்தேன் என்றாளாம். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

"வீட்ல உக்காந்தா ஏதாவது ஒண்ணு கூப்பிடுதுன்னு சொல்வாங்க சார். குழாய் கூப்பிடும், துணி கூப்பிடும். இங்க இருந்து பார்த்தா அது யார் வீடோ மாதிரி இருக்குன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

டோக்கன் அம்மா மேசையில் கிடந்த டோக்கன்களைத் தேவையில்லாமல் அடுக்கினாள். "நீங்க இங்க ரீடிங் எடுக்க வருவீங்கல்ல சார். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை அவங்க இருக்கறப்பவே வந்திருக்கீங்க. முதல் தடவை அவங்க பதறி எந்திரிக்கப் பார்த்தாங்க. நீங்க அவங்களைத் தாண்டி நேரா உள்ள போய் மீட்டரைப் பார்த்துட்டு, நேரா வெளிய போயிட்டீங்க. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். வேலையாப் போறார், விடுங்கன்னுட்டாங்க. அப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டாப் போச்சு சார். இன்னிக்கும் பார்க்கலை பாருங்கன்னு சொல்லி அவங்க சிரிக்கற சிரிப்புல டாக்டரே வெளிய வந்துடுவார்."

மீட்டர்காரர் எழுந்து ஆஸ்பத்திரியின் பின்பக்க நடைக்குப் போனார். மீட்டருக்குப் பக்கத்தில் அட்டை தொங்கியது. மேலிருந்து கீழ்வரை அவர் கையெழுத்து. ஒவ்வொரு தேதியிலும் அவர் இந்த நடையில் நின்றிருக்கிறார், அவற்றில் சில தேதிகளில் பத்தடி தூரத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், சிரித்திருக்கிறாள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. திரும்பி வந்து, பல் வலியைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் உடனே எழுத முடியவில்லை. அது டோக்கன் அம்மா பார்த்தது, அவர் பார்த்ததில்லை. அடுத்தவர் சொல்லி ரீடிங் எழுதுவது சராசரியைவிட மோசம். மிச்சமிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு தினமும் இரண்டு பத்துக்கு எதிர்வீட்டுக்குப் போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வழியே தன் வீட்டைப் பார்த்தார். பெயின்ட் உரிந்த கதவு, கைப்பிடியில் குடை, ஜன்னலுக்குள் யாரும் தொடாமல் அணைகிற விளக்கு. அவள் சொன்னது சரி, யார் வீடோ மாதிரிதான் இருந்தது. இத்தனை வேலை இருக்கிற வீட்டுக்கு யார் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தார். அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு நாற்பதுக்கு எழுந்து திரும்பிப் போயிருக்கிறாள். கட்டாயத்தினால் மட்டும் அப்படிப் பத்தொன்பது வருடம் போக முடியாது. அதை நினைத்தபோது அவர் நெஞ்சு வலித்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பதினோராம் நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஏதோ ஒரு வெயில்காலம், கையில் பேனா, தலையைக் குனிந்தபடி கூடத்தைத் தாண்டுகிறார். தரையில், பார்வையின் ஓரத்தில், இரண்டு பாதங்கள். ஒன்றின்மேல் ஒன்று. மேலே இருந்தது இடது பாதம், அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. இஸ்திரிப்பெட்டி விழுந்து வளைந்த விரல். கல்யாணமான மூன்றாம் வருடம் அவரே மருந்து போட்ட விரல். அதைப் பார்த்திருக்கிறார். பார்த்து, யாரோ ஒருவர் பாதம் என்று சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போதும் நாலு நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியின் முன்னால் நின்றார். நாலாம் நாள் மாலை தட்டு வந்தது. பக்கத்தில் நின்றவளின் முழங்கால் மடங்கி நிமிர்வது சத்தமாகவே கேட்டது. வாயில் போட்டதை விழுங்காமலே போய்க் கதவைத் திறந்தார். தப்பான ரீடிங்கை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும் என்பது அலுவலக விதி. அதன்படி பதினோராம் வரியை ஒரே கோடாக அடித்தார். மேலே இடுக்கி இடுக்கி எழுதினார்: 'மதியம் எதிர்வீட்டு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவேன். சிரிப்பாள்.' ஒப்பமிட்டார். திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அது அவருக்கு உடனே தெரிந்தது. அன்று தாழ்ப்பாளை அவரே போட்டார். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை யாரும் கட்டைவிரலை இழுக்கவில்லை. ஏழரைக்குத்தான் எழுந்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கண்ணாடியில் நேற்றைய விரல் ரேகைகள் அப்படியே இருந்தன. வரி மட்டும் அழியாமல் நின்றது. அவர் பயந்தது நடந்துவிட்டது. வீடு எந்தச் சத்தமும் இல்லாமல் நாலு சுவராக இருந்தது. பகல் வரை அறை அறையாக நடந்தார், விளக்குகளைப் போட்டார், அணைத்தார். பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தியபின்தான், யாரும் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை என்பதும், சாவி உள்ளே இருக்கிறது என்பதும் தெரிந்தது. டெய்லர் கடை பூட்டியிருந்தது. படியில் நின்றபோது செருப்பு வைக்கும் பலகை கண்ணில் பட்டது. மனைவியின் செருப்பை எடுக்க மனமில்லாமல் மகள் அங்கேயே விட்டுவைத்திருந்தாள். செருப்பைக் காணவில்லை.

எதிரே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டோக்கன் அம்மா எட்டிப் பார்த்தாள். கையால் கூப்பிட்டாள். அவர் தெருவைக் கடந்து போனார். உள்ளே நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலிக்குக் கீழே அந்தச் செருப்பு இருந்தது. நாற்காலியின் ரெக்ஸின் மெத்தை ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. மீன்கள் எல்லாம் அந்தப் பக்கமாக வந்து நின்றன.

"காலைல நான் கதவைத் திறக்கறப்பவே உக்காந்திருந்தாங்க சார்" என்றாள் டோக்கன் அம்மா. "இன்னும் எந்திரிக்கவே இல்ல."

மீட்டர்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துத் தன் செருப்பையும் கழற்றிவிட்டார்.

அவள் எழாமல் பதினாலு மாதம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஏழாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார், வந்தவர்கள் நிற்கிறார்களே என்று. பிறகு ஒரு திங்கட்கிழமை முதல் மதியம் இரண்டு பத்துக்கு மெத்தை அமுங்குவதும் இரண்டு நாற்பதுக்கு மேலெழுவதும் பழையபடி வழக்கமாயிற்று. மற்ற நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று தெரியாது. வீட்டுக்கு வரவில்லை. வீட்டில் தண்ணீர் வைப்பது, கண்ணாடி துடைப்பது, பொத்தான் தைப்பது எல்லாம் இப்போது மீட்டர்காரர். பொத்தானைக் கோணலாகத்தான் தைப்பார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பும்போது நடுப்பகலில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வருவார், எதிரிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று. படியில் ஒருமுறை நின்று, "சாவி?" என்று தானே கேட்டுக்கொள்வார். மகள் வாரம் ஒருமுறை போன் செய்து, அம்மா என்ன பண்றாங்க என்று கேட்பாள். உக்காந்திருக்கா என்பார். மகள் சரி என்று சொல்லிவிட்டு வேறு விஷயம் பேசுவாள்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த எட்டுத் தெருக்களுக்கும் ரீடிங் எடுக்க ஒரு பெண்மணி மாற்றலாகி வந்தாள். நடுவயதுக்காரி, வேகமாக நடப்பவள். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தபோது மணி இரண்டு இருபது. மீட்டர்காரர் தன் நாற்காலியில் இருந்தார். அவள் கையில் பேனாவுடன் கூடத்தைப் பாதி தாண்டியவள் நின்றாள். மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள், கீழே இருந்த செருப்பைப் பார்த்தாள். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுத் தலையசைத்துவிட்டு, பிறகு மீட்டரைப் பார்க்க உள்ளே போனாள். மீட்டர்காரருக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.